வெர்னன் வாயில் ஒரு விருந்தாளி

"இந்தக் கிருமி உங்களோடது இல்ல, வெர்னன். இன்னொரு வாயிலேர்ந்து வந்திருக்கு" என்றார் பல் டாக்டர் நூட்சன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி லொரேனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேரன் பேத்தி எடுத்த வயதில் இன்னொரு வாயா?

"பதிச்ச பல்லைச் சுத்தி அது குடியேறிடுச்சு. உங்களுக்கோ சர்க்கரை, எதிர்ப்புச் சக்தி தடுமாறுது. கிருமியை அடிக்கிறேன்னு கிளம்பி, பல்லைப் பிடிச்சிருக்கற எலும்பையே கரைக்குது. இப்படியே விட்டா பல்லு கையோட வந்துடும்."

"நான்தான் ஒழுங்கா பல்லு தேய்க்கறேனே!" என்று கூரையைப் பார்த்துச் சொன்னார் வெர்னன்.

"என்கிட்டேர்ந்து வந்திருக்குமோ, டாக்டர்?" லொரேன் ஆசையாகவே கேட்டாள்.

"எதுக்கும் இருக்கட்டும்னு போன தடவை உங்க வாயையும் சோதிச்சோமே. நீங்க சுத்தம்."

நற்சான்றிதழ் வாங்கி யாரும் இவ்வளவு நொந்திருக்க மாட்டார்கள்.

கோடை தொடங்கியதிலிருந்தே மனுஷன் சரியில்லை. "சனியன் பிடிச்ச நாய்" என்று வால்டோவைக் கரித்துக்கொட்டியவர், திடீரென்று அதை நடக்கக் கூட்டிப்போக ஆரம்பித்தார். சாயங்காலமானால் தலைவாரிக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுவார்.

அரை மணி நடைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். திரும்பி வந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நாயும் தன் கிண்ணத்தை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். கேட்டால், "வெயில்" என்பார்.

ஏரிக்கரையில் எவளோ இருக்கிறாள்! நாய் வெறும் சாக்கு. லொரேனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"யாரு அவ? நேரா சொல்லிடு, வெர்னன். நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

"அவளா? எவ?" வெர்னனின் முகம் சிவந்துபோனது.

டாக்டர் சிரிப்பை முகமூடிக்குள் ஒளித்துக்கொண்டார். "யாரோட கிருமின்னு சோதனையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்களே வீட்டம்மாகிட்ட சொல்லிடறது மரியாதை."

லொரேன் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

"முழு ஐஸ்கிரீம் என் சர்க்கரைக்கு ஆகாதேன்னு, ஒரே கோனை நானும் வால்டோவும் மாத்தி மாத்தி நக்கறோம், லொரேன்!"