சிவப்புக் கடுதாசிப் பூ

பாரிசவாதத்தில் விழுந்த வலக்கையை ஆசுப்பத்திரி மேசையில் வைத்து, பிரகலாதன் சிவப்புக் கடுதாசியைப் பூவிதழாக மடிக்கப் பார்க்கிறான். பருத்தித்துறைக் கடலில் கண்ணை மூடிக்கொண்டு வலை முடிந்த விரல்கள் அந்த மெல்லிய தாளை நழுவவிட்டுக்கொண்டே இருக்கின்றன. யன்னல் வெயில் முகத்தில் விழுகிறது. வியர்வை சொட்டிய இடத்தில் கடுதாசி சாயம் விடுகிறது. பார்க்கப் பொறுக்காமல் மனைவி பிரதீபா அதை இழுத்து, மளமளவென்று மடித்து, கம்பியில் சுற்றி அவன் கைக்குள் திணிக்கிறாள். பூ மடிக்கச் சொல்லிவிட்டுப் போன, கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் திரும்பி வருகிறாள்.

"அவர்தான் செய்தவர், மிஸ்," என்கிறாள் பிரதீபா.

"உண்மையாவோ அண்ணை? நீங்களே செய்தனீங்களோ?"

இல்லையென்று சொல்லத்தான் வாயைத் திறக்கிறான். வாதம் பேச்சையும் பறித்த இந்த மூன்று கிழமையாக அந்த வாயில் மிஞ்சியிருப்பது ஒரேயொரு சொல்.

"ஓம்," என்கிறான்.