பொம்மையின் நகம்

பயிற்சிக் கூடத்துக் கட்டிலில் ரப்பர் பொம்மை படுத்திருந்தது. அதன் விரலில் யாரோ ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டியிருந்தார்கள். திரையில் தொண்ணூற்றெட்டு என்று எரிந்தது.

“நம்மளவிட இவன் நல்லா இருக்கான்க்கா,” என்றாள் பக்கத்தில் நின்ற மாணவி. வகுப்பே சிரித்தது.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூத்தவள் என்பதால் வகுப்புக்கே அவள் அக்கா. தம்பியைப் பறிகொடுத்த பிறகுதான் நர்சிங்கில் சேர்ந்தாள். அன்றைக்கும் திரையில் இதே எண்தான். “நல்லாத்தானே இருக்கு, சும்மா சும்மா கூப்பிடாதீங்க,” என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். நுரையீரல் வாங்கிய ஆக்சிஜனை ரத்தம் விரல்நுனிவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்று தொட்டுப் பார்க்கவில்லை. தம்பியின் கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

“நம்பரைப் பாத்து இளிக்காதீங்க. நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்க. வெளுத்த இடத்துல சிவப்பு திரும்பலைன்னா அங்க ரத்தம் போகலைன்னு அர்த்தம்.” சொல்லிக்கொண்டே வெடுக்கென்று பொம்மையின் நகத்தை அழுத்தினாள்.

ரப்பர் நகம் வெளுத்தது. விட்டதும் அடியிலிருந்து சிவப்பு ஊறி வந்தது. சிரிப்பு நின்றது. மாணவி மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா, கை சூடா இருக்கு.”

அக்கா அந்தக் கையை உதறவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“இப்ப வந்து என்னடா பிரயோஜனம், தம்பி?” என்றாள்.