ஆபத்துக் குரல்

கால்பந்து மைதானத்தை ஒட்டிய மரத்தில் செம்பன் என்ற குரங்கும் அவன் மனைவி நெட்டைவாலியும் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மைதானத்துக்குள்ளிருந்து "ஹூ... ஹூ..." என்று பெரும் சத்தம். குரங்குகள் ஆபத்தில்தான் அப்படிக் கத்தும். கேட்டவர் ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கூட்டத்து வழக்கம்.

"நம்ம ஆளுங்க யாருக்கோ ஆபத்து, வாடி!" என்று செம்பன் மதில்மேல் தாவினான்.

உள்ளே ஒரு குரங்குகூட இல்லை. ஆட்டம் பார்க்க வந்த மனிதர்கள்தான் கத்தினார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட வந்த கறுப்பு இளைஞன் பந்தைத் தொடும்போதெல்லாம் குரங்குபோல் கத்திவிட்டுச் சிரித்தார்கள். அவன் சட்டை நுனியைக் கடித்துக்கொண்டு மூலையில் தனியாக நின்றான்.

"ஆபத்து அந்தப் பிள்ளைக்குத்தான். போய்ப் பக்கத்துல நில்லுங்க" என்றாள் நெட்டைவாலி.

செம்பன் இறங்கப் போனான். ஏதோ உறைக்க, அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"நான் போய் நின்னா இன்னும் சிரிப்பாங்க. அந்தப் பிள்ளைக்கு இன்னும் வலிக்கும். அவன் ஆளுங்கதான் போகணும்."

"அவன் ஆளுங்க யாரு?"

"அதோ, கத்துறாங்களே, அவங்கதான்."

யாராவது எழுந்து போகிறார்களா என்று ஆட்டம் முடியும்வரை இருவரும் மதில்மேலேயே காத்திருந்தார்கள்.