ஐம்பத்தொன்பதாம் எண்

டோரீன் ஹாஸ்லம் எடுத்த காரியத்தை முடிக்காமல் விடுகிறவள் அல்ல. நூற்பாலைகள் பெருகப் பெருக நீண்டுகொண்டே போன இந்தத் தெருவில் தன் முன்னோர் எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்று பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடினாள்.

1851-இல் அவர்கள் பதின்மூன்றாம் எண் வீட்டில் இருந்தார்கள். அந்த வருஷத்து வரைபடத்தில் தெருவில் இருந்ததே பன்னிரண்டு வீடுகள்தான். பத்து வருஷத்தில் வீடுகள் முப்பதாகிவிட்டன. அவர்கள் முப்பத்தொன்றில் இருந்தார்கள். அடுத்த கணக்கெடுப்பில் வீடுகள் நாற்பத்து நாலு, அவர்கள் எண் நாற்பத்தைந்து.

“கணக்கெழுத வந்தவன் குடிச்சிருப்பான்,” என்றாள்.

“மூணு தடவையும் அதே குடிகாரனா வந்தான், அக்கா?” என்று தம்பி நார்மன் சிரித்தான்.

“ரொம்பச் சிரிக்காதே. வா, இடத்தையே காட்டுறேன்.”

தெருவின் கடைசி வீடு டோரீனுடையதுதான், எண் ஐம்பத்தெட்டு. அதைத் தாண்டினால் கால்வாய் வரை வெறும் புல்தரை.

புல்லுக்கு நடுவே ஒரு கல் வாசற்படி இருந்தது. காலையில் அது அங்கே இல்லை. அந்தக் காலத்து ஆலைப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் செய்ததுபோல், யாரோ அதைக் கழுவி, விளிம்பு பளிச்சென்று வெளுக்க வெள்ளைக்கல் தேய்த்திருந்தார்கள். ஈரம் காயவில்லை.

நார்மன் அதன்மேல் வைக்கக் காலைத் தூக்கினான். டோரீன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மிதிச்சிடாதடா. இப்பத்தான் தேய்ச்சிட்டு உள்ள போயிருக்காங்க.”