மின்விசிறி ஓடாத அறை

"விசில்னா ஊதுமா?" என்று கேட்டாள் செண்பகவல்லி, கல்யாணமான முதல் வாரத்தில்.

"பொம்மை ரயில் என்ஜின் விசில் எப்படி ஊதும்?" என்றார் ஞானசேகர்.

"அப்புறம் எதுக்கு அதுல ஓட்டை?"

"ஓட்டை இல்லேன்னா அது விசில் இல்ல, ஆணி. கொஞ்சம் தள்ளி நின்னு பேசு தாயே, உன் மூச்சுக்கே உருண்டு ஓடுது."

அன்றிலிருந்து அவர் வேலை செய்யும் அந்த அறையில் மின்விசிறி ஓடியதில்லை. அரிசி நொய் அளவுப் பித்தளை விசில்களை அவர் கடைந்துகொண்டிருக்கும்போது, அவள் காபியை வைத்துவிட்டு மூச்சை அடக்கியபடியே வெளியேறுவாள். மூன்றாம் வருடம் அவளுடைய மூக்குத்தியின் திருகாணியில் மரை தேய்ந்துவிட்டது. கேட்டால் அரைமணி நேரத்தில் செய்து தந்துவிடுவார். ஆனால் கண்ணில் லென்ஸோடு குனிந்திருப்பவரைப் பார்த்ததும், அப்புறம் கேட்கலாம் என்று திரும்பிவிடுவாள். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலையில் மெழுகு வைத்து ஒட்டிக்கொள்கிறாள்.

அவருக்குக் கைநடுக்கம் வந்து ஒரு வருடமாகிறது. இனி கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று காலையிலிருந்து ஒரு விசிலில்கூட ஓட்டை நடுவில் விழவில்லை. மாலையில் அவரே எழுந்துபோய் மின்விசிறியை முழு வேகத்தில் போட்டார். மேசைமேல் இருந்த விசில்கள் உருண்டு தரையெங்கும் சிதறின. அவர் குனிந்து பொறுக்கவில்லை.

"இப்பதான் இந்த ரூம்ல காத்தே வருது, செண்பகம்."

அவள் முதல்முறையாக அந்த மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூக்குத்தியைக் கழற்றி, நடுங்கும் அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுக்கு ஒரு திருகாணி செஞ்சு தாங்க," என்றாள்.