பன்னிரண்டாவது கல்

அமீரகத்தின் அல் ஐன் நகரில், கல்லூரியொன்றின் ஜியாலஜி ஆய்வகம். ஜன்னல் திரையின் பட்டைகளுக்கிடையே நுழைந்த காலை வெயில் மேசைமேல் கோடுகோடாக விழுந்திருக்கிறது. ஈரத் துண்டின்மேல் பதினொரு கற்கள் காய்கின்றன. எதிரே, ஆங்கிலத்தில் பெயரெழுதிய பன்னிரண்டு அட்டைகள். துப்புரவுப் பணியாளர் சேதுபதி ஒவ்வொரு கல்லாகத் தொட்டு மறுபடி எண்ணுகிறார். தூசி படிந்த கற்களைக் கழுவிவைக்கச் சொன்னதால் வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுப் போனவர், திங்களான இன்றுதான் எடுத்து அடுக்கியிருக்கிறார். கழுவச் சொன்னவர்கள் எதைக் கழுவக்கூடாது என்று சொல்லவில்லை. எட்டு மணிக்கு வகுப்பு. முன்னதாகவே வந்துவிட்ட முதலாண்டு மாணவி ஷஹீரா வாசலில் நிற்கிறாள். “பன்னெண்டு இருந்துச்சும்மா. நான் எடுக்கல. விசாவ கேன்சல் பண்ணி அனுப்பிருவாங்க” என்கிறார் அவளிடம். அவள் உள்ளே வந்து கல் இல்லாத அட்டையைப் படிக்கிறாள். “அங்கிள், அந்தத் தண்ணிய ஊத்திட்டீங்களா?” “இல்லம்மா, அந்தா இருக்கு.” மேசைக்கடியில் சிவப்பு வாளி. அவள் குனிந்து விரலை நனைத்து நுனிநாக்கில் வைக்கிறாள். “எங்கயும் போகல, இதுலதான் இருக்கு. அது உப்புக்கல், அங்கிள்.” சேதுபதியும் ஒரு சொட்டைத் தொட்டு நக்குகிறார். நம்பாமல் இன்னொரு சொட்டு. தாழ்வாரத்தில் பேராசிரியரின் காலணிச் சத்தம் நெருங்குகிறது. சேதுபதி வாளியைத் துளி சிந்தாமல் தூக்கி, பதினொன்றாவது கல்லுக்குப் பக்கத்தில் வைத்து, கல் இல்லாத அந்த அட்டையை அதன்மேல் சாய்த்து நிறுத்துகிறார்.