சிலுப்பல்

வெந்நீர் கழுத்தில் வழிந்தது.

முகத்தின் மேல் ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் ஷீட். வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்த கையோடு போட்டார்கள். துணிபோல் தொய்ந்து படிந்தது. மூக்கை அழுத்தியது. தாடையை அழுத்தியது. தொண்டையில், புற்றுக்கட்டி இருந்த இடத்தில், இரண்டு கைகள் அழுத்தின.

படுக்கையோடு சேர்த்துக் கிளிப் மாட்டினார்கள்.

"அசையாதீங்க தாத்தா. இது இறுகுற வரைக்கும்தான். அசஞ்சா அச்சு தப்பிரும். கதிரு வேற எடத்துல பாஞ்சிரும்" என்றாள் டெக்னீஷியன்.

தாத்தாவாம். ஊரில் அவர் எல்லோருக்கும் ஐயா.

காலையில் டாக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். குரல்வளையை வெட்டி எடுத்துவிடலாம். அல்லது கதிர்வீச்சு. கட்டி கரைந்தால் குரல் மிஞ்சும்.

"வெட்டிரலாம்ப்பா. உசுரு இருந்தாப் போதும்" என்றான் மகன் மாசானம்.

வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க, அவனை அறைந்தார். உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது.

குரல் போன பிறகு எந்த உயிர்? கோயில் கொடைத் திருவிழாவில் கிடாயை 'வெட்டு' என்ற சொல் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவருக்கு முன் அவர் அப்பா. சொல் நின்றால் உரிமை பங்காளி வீட்டுக்குப் போய்விடும். ஊரில் வெறும் தொண்டைக்கட்டு என்றுதான் சொல்லி வைத்திருந்தது.

வெட்டுவதற்கு முன் கிடாயின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது. அதன் பிறகே அவர் சொல்.

போன கொடையில் கிடாய் சிலுப்பவில்லை.

மறுபடி தெளித்தார்கள். குடத்தையே கவிழ்த்தார்கள். கல்லாக நின்றது.

பங்காளிகள் துண்டால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"சிலுப்பிட்டுது" என்றார் அவர். "ம், வெட்டு."

அரிவாள் மாசானத்தின் கையில் இருந்தது. அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு ஓங்கினான். கை தயங்கியதில் வெட்டு பாதியில் நின்றது. தொங்கும் கழுத்தோடு கிடாய் கூட்டத்துக்குள் ஓடியது. வேட்டிகள் சிவந்தன. குழந்தைகள் அலறினார்கள்.

கிடாய் கத்தவில்லை. கத்துவதற்கு அதற்குத் தொண்டை இல்லை.

சிலுப்பியதா இல்லையா என்று யாரும் கேட்கவுமில்லை. ஐயா சொன்னால் சொன்னதுதான்.

ஷீட்டை ஆறவைக்க ஈரத்துணி எடுக்க டெக்னீஷியன் திரும்பினாள்.

ஒரு சொட்டு காதோரம் ஊர்ந்து பிடரியில் இறங்கியது.

பல்லைக் கடித்தார். விரல்களை மடக்கினார்.

உடம்பு கேட்கவில்லை. தோளிலிருந்து ஓர் உதறல். தலை சிலுப்பியது. இளகிய ஷீட்டுக்குள் தாடை ஒரு பக்கம் நழுவியது.

கால்மாட்டில் நின்ற மாசானம் அதைப் பார்த்தான்.

டெக்னீஷியன் துணியோடு வந்தாள். "அசஞ்சாங்களா? அசஞ்சிருந்தா இப்பவே சொல்லிருங்க சார், வேற ஷீட் போட்டுரலாம்."

கிழிந்த உதட்டை மாசானம் நாக்கால் தடவினான்.

"எங்கப்பாவா? அசையவே இல்ல."

மறுபேச்சுக்கு இடமில்லாத குரல்.

அவருடைய குரல்.

வாயைத் திறக்கப் பார்த்தார்.

ஷீட் இறுகிவிட்டிருந்தது.